மூன்றாம் விளி

“ரெண்டு தடவ பேரு சொல்லி விளிச்சாச்சு அக்கா. உங்க பிள்ள கதவத் திறக்கல்ல.”

செல்லக்கனி அடுப்பில் கொதித்த குழம்பை அப்படியே விட்டுவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டபடி முன்னறைக்கு ஓடிவந்தாள்.

“இஞ்ச வாங்களேன்! எம்பசி சாரு பேசுதாரு!”

புதுக்கடைச் சந்தியில் கடையைப் பூட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அவள் புருஷன் சுயம்புலிங்கம் பதறி எழுந்தார்.

மகள் அஸ்வதி டாக்டருக்குப் படிக்கப் போன நாட்டில் சண்டை மூண்டிருந்தது. கூடப் படித்தவர்கள் முதல் பஸ்ஸிலேயே எல்லையைத் தாண்டிவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த அஸ்வதி மட்டும் விடுதியில் தனியாக மாட்டிக்கொண்டாள். ‘ரூமைப் பூட்டிட்டு உள்ளயே இருக்கச் சொன்னாங்கம்மா, எம்பசில இருந்து ஆள் வரும்’ என்று சொன்னதோடு அவள் போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. அன்றிலிருந்து பெற்றவர்கள் இரண்டு பேரும் எம்பசி நம்பருக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள். இன்றைக்குத்தான் கும்பிட்ட தெய்வம் கண் திறந்தது. அதுவும் நம்ம ஊர்ப் பேச்சுப் பேசுகிற அதிகாரி!

“சாருக்கு எந்த ஊரு?” என்றாள் செல்லக்கனி.

“பக்கந்தான் அக்கா.”

“பிள்ள உள்ளதான் இருக்காளா சாரே?”

“உள்ளதான் இருக்கா. மூச்சு விடுதது கேக்குது. விளிச்சா மட்டும் அனக்கமே இல்ல.”

செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, எல்லாம் நான் சொல்லிவிட்ட வெனைதான்! தெரியாத எடத்துல ஆராவது பேரு சொல்லி விளிச்சா ரெண்டு தடவைக்குக் குரல் குடுக்காத, மூணாவது தடவயும் விளிச்சாத்தான் மனுசன்னு சொல்லி அனுப்புனேன். அதையே பிடிச்சிட்டு இருக்கா சாரே!”

“ஏட்டி, கிறுக்கா உனக்கு? கவர்மென்ட் ஆளுகிட்டயா பேய்க்கதை சொல்லுத?” என்று சீறினார் சுயம்புலிங்கம். “பேயி என்ன பாஸ்போர்ட் எடுத்துட்டா அங்க போவும்?”

குண்டு விழுகிற ஊரிலிருந்து பேசுகிறவர். ஆனால் போனில் ஒரு சைரன் இல்லை, காற்றின் இரைச்சல்கூட இல்லை.

“மூணாவது தடவயா?” என்றது குரல் மெதுவாக. “இது எனக்குத் தெரியாமப் போச்சே அக்கா.”

“போனக் கட் பண்ணாம முதல்ல இருந்து மூணு தடவ விளியுங்க சாரே. பிள்ள சத்தத்த நானும் கேக்கணும்.”

“அஸ்வதி…”

“அஸ்வதி…”

செல்லக்கனி புருஷனின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். பெற்ற வயிறு படுகிற பாடு அந்தப் பிடியில் தெரிந்தது.

மூன்றாவது விளி சுலபத்தில் வரவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையைப் போல, ஒவ்வொரு எழுத்தாகத் திக்கித் திக்கி வந்தது.

“அஸ்… வ… தி.”

“தா வாறேன் சார்!”

மகளின் குரலேதான்! தாழ்ப்பாள் விலகியது. கதவு கிரீச்சென்று திறந்தது. லைன் கட் ஆனது.

செல்லக்கனி அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். “பாத்தீங்களா? பேய்க்கதைன்னு ஏசுனீங்களே, இப்ப அந்தக் கதைதானே எம் பிள்ளய வெளிய கொண்டாந்துது!”

“சரிட்டி, நீதான் கெட்டிக்காரி,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் சுயம்புலிங்கம். நாலு நாளாகத் தொண்டையில் இறங்காத சோறு இன்றைக்கு இறங்கும் என்று தோன்றியது அவருக்கு.

மறுபடியும் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

“சார்! நீங்க நல்லாருக்கணும் சார்! எம் பிள்ளயக் கூட்டிட்டு வந்துட்டீங்க!”

மறுமுனையில் ஒரு பெண் குரல் தயங்கியது. “கூட்டிட்டு வந்தோமா? நான் எம்பசியில இருந்து பேசுறேன் சார். எங்க வண்டி இன்னும் எல்லையிலதான் நிக்குது, நாளைக்குத்தான் விடுவாங்களாம். அதுவரைக்கும் யார் வந்து கூப்பிட்டாலும் கதவைத் திறக்க வேண்டாம்னு எப்படியாவது உங்க மகளுக்குச் சொல்லிடுங்க.”