கடலுக்கு அந்தப் பக்கத்துப் பங்காளி

திரையில் கிளைகள் விரிந்தபோது ஹரிதாதான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"மேடம், இன்னொரு தபா ரன் பண்ணிப் பார்க்கலாமா?"

"இதுதானே அந்த இன்னொரு தபா."

அவள் புத்தூர்ப் பெண், என் ஆராய்ச்சி மாணவி. மழைக்காட்டு மரங்களின் இலைகளிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, எந்த மரம் எதற்கு உறவு என்று கம்ப்யூட்டரில் கிளை கிளையாக வரைவதுதான் எங்கள் லேபின் வேலை. திருப்பதி வெயிலில் உட்கார்ந்துகொண்டு, மழை விடாத காடுகளின் குடும்பக் கதையைப் படிக்கிறோம்.

அன்றைக்கு ஒரு மரம் இடம் மாறி நின்றது.

மேற்குத் தொடர்ச்சி மலையில், ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் வளரும் மரம். அதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர் வேங்கடாசலம் சார். லேபில் எல்லோருக்கும் அவர் சார்தான், எனக்கும். பூவின் அமைப்பு வேறெந்த மரத்தோடும் ஒத்துப்போகவில்லை என்று அதைத் தனிப் பேரினமாகப் பிரித்துப் புதுப்பெயர் வைத்தார்.

அந்தப் பேரினத்தில் அது ஒன்றுதான். கூடப்பிறந்தது என்று எதுவும் கிடையாது.

டிஎன்ஏ வேறு சொன்னது. போர்னியோவிலும் அந்தமானிலும் வளரும் ஒரு பழைய பேரினத்தின் நடுவில், அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்ததுபோல அது உட்கார்ந்திருந்தது. பூ மட்டும்தான் வேறு. ரத்தம் ஒன்று.

அப்படியென்றால் சார் வைத்த பெயர் செல்லாது. முதலில் வைத்தது என்பதால் அந்தப் பழைய பேரினத்தின் பெயர்தான் நிற்கும். விதி அப்படி.

"இந்த ஒரு எலைய மட்டும் விட்டுடலாம் மேடம்." ஹரிதா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மத்ததெல்லாம் சரியாத்தான் கீது. யாரு கேக்கப் போறாங்க?"

கேட்க ஆளில்லை என்பது உண்மைதான். அந்த மரத்தின் இலை எங்களைத் தவிர வேறு யாரிடமும் இல்லை. அதன் டிஎன்ஏ வரிசையை நீக்கிவிட்டால் கட்டுரையில் ஒரு ஓட்டையும் தெரியாது. மவுஸின் மேல் என் விரல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. சாருக்கு அந்தப் பெயர் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

போனை எடுத்தேன்.

"சார், ரிசல்ட் வந்துடுச்சு. உங்க மரம் தனி இல்ல."

அவர் போன வருடம் ரிடையர் ஆனவர். திருச்சானூர் வீட்டு வாசலில் நின்றிருப்பார் போல. ஷேர் ஆட்டோவின் ஹாரன் கேட்டது.

"சொந்தம் யாரு?"

"போர்னியோல கீறாங்க, அந்தமான்லயும். எல்லாம் பங்காளிங்க."

"கடலுக்கு அந்தப் பக்கமா!" சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "இத்தினி வருசமா, பாவம் ஒண்டியா கீதேன்னு நெனச்சுக்கினு இருந்தேன். அதுக்கு ஊரெல்லாம் ஜனம் கீது பாரு."

"பேரு போயிடும் சார்."

"சரேலே, போவட்டும். மரம் போவலையே."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"உனக்கு வருத்தமா கீதா?"

திரையைப் பார்த்தேன். அந்தச் சின்னக் கோடு இரண்டு பக்கமும் அணைப்போடு, நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ரயிலில் இடம் கிடைத்துவிட்ட ஆளைப்போல.

"இல்ல," என்றேன். நிஜமாகவே இல்லை.

"அப்ப வரும்போது பால்கோவா வாங்கினு வா. துன்னுக்கினே முழுசா சொல்லு."

போனை வைத்தேன். ஹரிதா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவளுக்கு இதைப் பார்க்க மனமில்லை.

கர்சரை அந்தக் கிளையின் நுனிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெயரை எழுத்து எழுத்தாக அழித்தேன்.

எனக்கும் சாருக்கும் கல்யாணம் ஆனபோது, நகைக்குப் பதிலாக அவர் எனக்குக் கொடுத்தது அந்தப் பெயர். காஞ்சனா என்ற என் பெயரைக் கொஞ்சம் லத்தீனுக்கு வளைத்து, மலையில் ஒண்டியாக நின்ற ஒரு மரத்துக்கு வைத்திருந்தார்.