அவர் தரப்புச் சாட்சி

"டையை இன்னும் கொஞ்சம் மேல ஏத்து" என்றார் அவர். மனைவி ஏற்றிவிட்டாள். எட்டு மாதமாகவே அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை.

எழுபத்திரண்டு படம் எடுத்த தயாரிப்பாளர். அவர் கார் நுழைந்தால் ஸ்டுடியோவே எழுந்து நிற்கும். போன வருஷம் உடை அலங்கார உதவியாளர் ஒருத்தி அவர்மேல் புகார் சொல்ல வாயைத் திறந்தாள். அடுத்த வாரத்துக்குள் பதினோரு பெண்கள். அதோடு போன் அடிப்பது நின்றது. இப்போது வக்கீலையும் மனைவியையும் விட்டால் பேச ஆளில்லை.

காரில் வக்கீல் மறுபடி பாடம் நடத்தினார். "பயப்படாதீங்கம்மா. நம்ம தரப்புல நீங்கதான் கடைசி சாட்சி. கேக்குறதுக்கு ஒரு வார்த்தையில பதில் சொன்னா போதும். இருபத்தொம்பது வருஷம் கூட வாழ்ந்தவங்க சொன்னா ஜட்ஜ் நம்புவார்."

"சான்ஸ் கேட்டு வந்தவளுக்கு வாழ்க்கையே குடுத்தேன்னு சொல்லச் சொல்லுங்க" என்று சிரித்தார் அவர். வக்கீலும் சிரித்து வைத்தார்.

பத்தொன்பது வயதில் போட்டோ ஆல்பத்தோடு அவர் ஆபீஸ் படியேறியவள்தான் அவள். ஒரு காட்சியில்கூட நடிக்கவில்லை. நாலே மாதத்தில் கல்யாணம். கொடுத்து வைத்தவள் என்று சொந்தபந்தம் வாய் பிளந்தது.

கோர்ட்டு வராந்தாவில் அந்தப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்தார்கள். முதலில் வாயைத் திறந்தவள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குல்லக்கா?"

அவள் உள்ளே போனாள். கூண்டில் ஏறினாள்.

ஒத்திகை பார்த்தபடியே வக்கீல் கேட்டார். "உங்க கணவர் எந்தப் பொண்ணுகிட்டயாவது பலவந்தமா நடந்துகிட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கேள்வி சரியாகக் காதில் விழவில்லையோ என்று வக்கீல் திரும்பக் கேட்டார். "தெரியும்" என்றாள் அதே குரலில். தயாரிப்பாளர் பாதி எழுந்தார்; பக்கத்திலிருந்த போலீஸ்காரர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "யார்கிட்டம்மா?"

"என்கிட்டதான் ஐயா. அப்போ எங்களுக்குக் கல்யாணம் ஆகல."