பெரியவரிடம் திருடியவள்

"திருடின்னு நான் எழுதலையே மேடம். 'பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் கொண்டவர்'னுதான் போட்டிருக்கேன்" என்றார் ஆய்வு அளவீட்டு அதிகாரி.

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?" எதிரே உட்கார்ந்திருந்த வேதியியல் விரிவுரையாளரின் குரல் நடுங்கியது. அழுகையால் அல்ல.

"நாலு வார்த்தை அதிகம்."

அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்குக் கிண்டல் வராது, எண்ணத்தான் வரும். யார் எத்தனை கட்டுரை எழுதினார்கள், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி மதிப்பெண் போடுவது அவர் வேலை. கட்டுரைகளைப் படிக்க மாட்டார். படித்தால் எண்ணிக்கை தவறிவிடும். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தராசு'.

"வேலை நிரந்தரமாக அறுபது வேணும். நீங்க சேர்ந்த பிறகு எழுதின அஞ்சு கட்டுரைக்கு அறுபத்தஞ்சு வந்தது. காப்பி முப்பத்தெட்டு சதவீதம். முப்பத்தெட்டைக் கழிச்சா இருபத்தேழு" என்றார் தராசு. "நாளைக்கு உங்க ஒப்பந்தம் முடியுது. அறையைச் சாயங்காலமே காலி பண்ணிட்டா எங்களுக்கும் சௌகரியம்."

"நாலு வருஷம் சார்! குடிதண்ணிக் குழாயில எப்படித் துரு பிடிக்குதுன்னு பார்க்க ராத்திரி பகல் பாராம உழைச்சிருக்கேன். அந்தத் துருவே என்னை 'அக்கா'ன்னு கூப்பிடும். நான் எவனைப் பார்த்து எழுதணும்?"

"அவன் இவன்னு பேசாதீங்க. அவர் பெரியவர்."

"எந்தப் பெரியவர்?"

"பேரைச் சொல்லக் கூடாது. விதி ஏழு. திருடு கொடுத்தவருக்குப் பாதுகாப்பு." தராசு கணினித் திரையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். "பதினெட்டுக் கட்டுரை. நானூத்திப் பத்து பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. தாக்கம்னா அது தாக்கம்! நீங்களும் இருக்கீங்களே. உங்க அஞ்சு கட்டுரையும் யாரைத் தாக்கிச்சு?"

"இப்போதைக்கு என்னைத்தான்."

அறை மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அலுவலகப் பணியாளர் அம்மா களுக்கென்று சிரித்துவிட்டு, தராசு பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அவர் எப்ப எழுதினாராம்?"

"எட்டு வருஷம் முன்னாடி. சோதனைக் குழாயை எப்படிக் கழுவணும், எத்தனை மணி நேரம் ஊற வைக்கணும்... வரிக்கு வரி நீங்க அப்படியே இறக்கி வெச்சிருக்கீங்க."

அவள் மேசையில் ஓங்கித் தட்டினாள். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"இப்ப புரியுது சார்! எட்டு வருஷம் முன்னாடி நான் ஆராய்ச்சி மாணவி. அந்தக் கழுவுற முறையைக் கண்டுபிடிச்சதே நான்தான். ஆய்வுக்கூடத்துல என் நோட்டு திறந்தபடியேதான் கிடக்கும். நான் எழுதறதுக்கு முன்னாடியே உங்க பெரியவர் அதைத் திருடி எழுதியிருக்கார். ஃப்ராடு! நாலெழுத்து சொந்தமா எழுதத் தெரியாத முண்டம்!"

"மேடம், மரியாதை!"

"என்ன மரியாதை? அந்த ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும், துருப்பிடிச்ச குழாயாலேயே நாலு போடறேன். சோத்துல உப்புப் போட்டுத் தின்னா இப்படிப் பண்ணுவானா?"

"திருடினதும் இல்லாம திட்டு வேறயா?" தராசு நிஜமாகவே வருத்தப்பட்டார். நானூற்றிப் பத்து மேற்கோள் உள்ள ஒருவரை யாரும் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. "ஒரே ஒரு வழிதான் இருக்கு. அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுங்க. அவர் மன்னிச்சா மதிப்பெண்ணைத் திருப்பித் தர விதியில இடம் இருக்கு. இல்லேன்னா நீங்க வேற வேலை பார்த்துக்கலாம்."

வீட்டு வாடகை, மகளின் பள்ளி, இருபத்தேழு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரிப் படியேறுவது என்கிற கேள்வி எல்லாம் அவள் முன் வரிசையாக வந்து நின்றன. காகிதத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சரி, எழுதறேன். 'மதிப்பிற்குரிய'... அப்புறம்? பேரு?"

தராசு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பெயரைச் சொல்லக் கூடாது என்றது விதி ஏழு. பெயரில்லாத கடிதம் செல்லாது என்றது விதி பன்னிரண்டு. இரண்டையும் எழுதியவர் அவரேதான்.

"சொல்லத்தானே கூடாது? காட்டலாம்" என்று தட்டச்சு அம்மா வழி சொன்னார்.

தராசு திரையைத் திருப்பி, இரண்டு கைகளாலும் மற்றதை எல்லாம் மறைத்து, ஒரே ஒரு வரியை மட்டும் காட்டினார். ஓர் ஆண் பெயர். அதன் பக்கத்தில் ஒற்றை எழுத்து.

அவள் அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். முகம் சிவந்துகொண்டே போனது.

"சார், இது எங்கப்பா பேரு."

தராசு எழுந்தே நின்றுவிட்டார். "பெத்த அப்பா எழுதினதையா திருடினீங்க! அந்த மனுஷனையா இவ்வளவு நேரம் இந்தத் திட்டுத் திட்டினீங்க?"

"எங்கப்பா பஸ் ஓட்டினவர் சார். ரசாயனத்துல அவருக்குத் தெரிஞ்சது டீசல் ஒண்ணுதான்" என்று அவள் பல்லைக் கடித்தாள். "கட்டுரை அனுப்பும்போது 'குடும்பப் பேர்'னு ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பேர்? கல்யாணத்துக்கு முன்னாடி அதுல அப்பா பேரைப் போட்டேன், கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் பேரைப் போட்டேன். பக்கத்துல இருக்கிற அந்த ஒத்தை எழுத்து என் பேரோட முதல் எழுத்து சார், அந்தப் பெரியவரே நான்தான்!"