லம்யாய் மடக்கிய லாரி

தாய்லாந்தில் கொராட் பக்கம் மரவள்ளி மாவு ஆலை நடத்தும் சங்குவானுக்குச் சென்ற ஆண்டு பசுமை விருது கிடைத்தது. அதற்காக அவர் சொந்தக் காசில் ஒரு பாட் கூடச் செலவழிக்கவில்லை. பாங்காக்கிலிருந்து வந்த ஒரு கம்பெனி, ஆலையின் கழிவுநீர்க் குளத்தின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் போர்வையை இலவசமாக விரித்தது. உள்ளே ஊறும் கழிவிலிருந்து வாயு எடுத்து, அதை அவருடைய பாய்லருக்கே எண்ணெய் விலையில் பாதிக்கு விற்றது. பத்து வருடம் கழித்துப் போர்வை, குழாய், எல்லாம் அவருக்கே சொந்தம் என்று ஒப்பந்தம்.

"இனி என் ஆலையிலேருந்து அழுக்குத் தண்ணி வெளிய போகாது. இது சத்தியம்" என்று விருது மேடையில் கண் கலங்கினார் சங்குவான்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஊர்த்தலைவி லம்யாய் மட்டும் கை தட்டவில்லை. ஆலையை ஒட்டி ஓடும் கால்வாயில் கூண்டு கட்டி ஜிலேபிக் கெண்டை வளர்த்தவள் அவள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அத்தனை மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அன்றிலிருந்து ஆலை மேல் இருபத்தேழு புகார் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் போலீஸ் அதிகாரி பைரோட் அன்பாகவே திருப்பி அனுப்பினார்.

"காத்துல வர்ற நாத்தத்தைக் கோர்ட்டுல காட்ட முடியுமா, தலைவியம்மா?"

சொங்க்ரான் புத்தாண்டு வந்தது. ஊரே தெருவில் நின்று, போவோர் வருவோர் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. ஆலைக் காவலாளிகூட ஒரு குழாயோடு அங்கேதான் நின்றார். லம்யாய் முகமெல்லாம் பவுடர் பூசி, கையில் வாளியோடு இருந்தாள். அப்போது ஆலையின் பின்வாசல் பக்கமிருந்து, 'குடிநீர்' என்று எழுதிய டேங்கர் லாரி ஒன்று வேகமாக வந்தது.

கூட்டம் வழியை மறித்தது. "அண்ணே, எங்களுக்கும் கொஞ்சம் தொறந்து விடு!"

டிரைவர் பூன்மா வெளிறிப் போனான். "வேணாம்ப்பா, அவசரமாப் போறேன்!"

"பண்டிகை அன்னைக்குத் தண்ணிக்கு அழுவுறியே, உன் வீட்டுல சோறு போடுவாங்களா?" என்று சொல்லிக்கொண்டே யாரோ பின்னால் போய் வால்வைத் திருகிவிட்டார்கள்.

பீறிட்டது புளித்த மரவள்ளிக் கழிவு. புத்தாண்டு வாழ்த்தோடு நின்ற இருபது பேர் தலையோடு நனைந்து, ஓரமாய் ஓடி ஓங்கரித்தார்கள். லம்யாய் ஓடவில்லை. வால்வை இறுக மூடினாள். ஏறிப் போய் லாரிச் சாவியைப் பிடுங்கினாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக நாறியதே இல்லை.

"எந்த இடத்துல கொட்டப் போன? சொல்லு!"

"அக்கா, உங்களைக் கும்பிடுறேன், விட்டுடுங்க. வெளிய தெரிஞ்சா முதலாளி என்னைக் கொன்னுடுவார்."

"தெரியணும்னுதானே பிடிச்சிருக்கேன். இந்தா சாவி, ஓட்டு ஸ்டேஷனுக்கு!"

வாசலில் லாரி வந்து நின்றதும் பைரோட் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"இதைக் காட்டலாமா சார், கோர்ட்டுல?" என்றாள் லம்யாய்.

அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. 'கால்வாயில் கழிவுநீர் கொட்ட முயற்சி' என்று எழுத ஆரம்பித்துவிட்டு, சங்குவானுக்குப் போன் போட்டார்.

பூப்போட்ட சட்டையோடு வந்த சங்குவான், வால்வின் அடியில் விரலை வைத்து முகர்ந்து பார்த்தார்.

"முதலாளி, இது உங்க ஆலைத் தண்ணிதானே?" என்று கேட்டார் பைரோட்.

"என்னோடதுதான். சந்தேகமே இல்ல."

லம்யாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு லேசில் ஒப்புக்கொள்வார் என்று அவள் நினைக்கவே இல்லை.

"இவனை உள்ள தள்ளுங்க சார்!" என்று சங்குவான் மேசையைக் குத்தினார்.

"டிரைவர் தலையில கட்டிட்டு நீங்க நழுவப் பாக்குறீங்களா?" லம்யாய் சீறினாள். "இவனுக்குச் சம்பளம் குடுக்கிறது யாருன்னு கேளுங்க சார் முதல்ல!"

பைரோட் கேட்டார். பூன்மா தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் இவரு ஆள் இல்லீங்க. கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆலை. இந்த வருஷம் எங்க பக்கம் கிழங்குல நோய் விழுந்து, ஆலை பாதி நாள் ஓடவே இல்ல. எங்க குளத்துலயும் போர்வை போட்டிருக்கு, ஆனா உள்ள ஊறுறதுக்குக் கழிவே இல்ல. வாயு வத்திப் போச்சு..."

பைரோட் எழுதியதைக் குறுக்கே அடித்தார். புதுத் தாள் எடுத்து, சங்குவான் சொல்லச் சொல்லக் கால்மணி நேரம் எழுதினார். பிறகு பேனாவை லம்யாயிடம் நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

புகார் கொடுத்தவர், சங்குவான்; திருட்டுப் போன பொருள், கழிவுநீர் பத்தாயிரம் லிட்டர்; திருடனைத் துணிச்சலாகப் பிடித்துக் கொடுத்த முதல் சாட்சி, ஊர்த்தலைவி லம்யாய்.