கடிதம் எழுதியது யார்?

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர்: அப்பா, அம்மா, ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள், சேதி கொண்டுவந்த சித்தப்பா.

“அண்ணா, நம்ம பொண்ணோட ஆராய்ச்சிக் கட்டுரை தப்புன்னு எவனோ அதை வெளியிட்ட பத்திரிகைக்கு லெட்டர் போட்டிருக்கானாம். வேலையே போயிடும்கறாங்க.”

அப்பா மகளிடம் திரும்பினார். மூன்று தலைமுறையாக இந்தக் குடும்பத்தை நோக்கி ஒரு விரல் நீண்டதில்லை.

“கட்டுரை தப்பாம்மா?”

“தப்புதான்பா. செல் ரெண்டாப் பிரிய உதவுற ஒரு நொதியைத் தேடினோம். அதுல மட்டும்தான் ஒட்டும்னு பெட்டியில போட்டிருந்ததை நம்பி அதை அடையாளம் காட்டுற ஒரு ஆன்டிபாடி வாங்கினோம். பிற்பாடு பாத்தா, அந்த நொதியே இல்லாத செல்லுலயும் போய் ஒட்டுது.”

“ஆளில்லாத வீட்டைத் தட்டிட்டு, உள்ள இருக்கார்னு சொல்லியிருக்கு!” என்று சிரித்தார் சித்தப்பா.

அப்பா சிரிக்கவில்லை. “லெட்டர் போட்டவன் பேரைச் சொல்லும்மா. முதுகுல குத்தினவனை நேர்ல போய்க் கேக்கறேன்.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். “சோதிச்சுப் பாத்ததும் நான்தான்பா, லெட்டர் போட்டதும் நான்தான்.”

“வேலை போயிட்டா?” என்றாள் அம்மா.

“போனாப் போகட்டும்.” அப்பா தம்பியிடம் திரும்பினார். “நீ கொண்டுவந்த சேதியைத் திருத்திச் சொல்லு, போ.”

அவளை யாரோ காட்டிக்கொடுத்ததாக உறவில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவளை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.