போர்டில் பூத்த பச்சை

"தண்ணி புகாம படகு மூடிக்கு டேப் ஒட்ட மறந்திருப்பீங்க மாமா. வயசாயிடுச்சுல்ல?" என்றேன்.

மடியில் வைத்திருந்த ரிமோட் படகை மாமனார் பழுது பார்க்கும் கடை மெக்கானிக்கிடம் நீட்டினார். அன்று காலை பயிற்சிக்காகக் குளத்தில் விட்டு சுவிட்சைப் போட்டதும் புகைந்து நின்றுவிட்டது. மறுநாள் பந்தயம். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் காத்திருந்த பந்தயம்.

மெக்கானிக் மூடியைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இது இன்னிக்கு நனைஞ்சதில்ல சார். உள்ள இருக்கற சர்க்யூட் போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருக்கு. நாலஞ்சு நாள் முன்னாடியே தண்ணி போயிருக்கு. யாரோ வெளியில மட்டும் துடைச்சு வெச்சிருக்காங்க."

"உங்க மறதிக்கு ஒரு அளவே இல்லையா மாமா?" என்று சிரித்தேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"அன்னிக்கே திறந்து ஸ்பிரிட்ல கழுவியிருந்தா பொழைச்சிருக்கும். இனி புது போர்டு வர ஒரு மாசமாகும். யாரு சார் தண்ணியில விட்டது?"

மாமனார் கழற்றிய மூடியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான்தாம்ப்பா. திங்கட்கிழமை. மூழ்கிடுச்சு. மாப்பிள்ளை சொல்றாப்ல, மறந்துட்டேன்."

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இந்த விளையாட்டு?"

மாமனார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை முழுவதும் அவர் காய்ச்சலில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். மாமியார் பக்கத்திலேயே இருந்தார். மாற்றுத் துணி எடுத்துவர அவர்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்து அனுப்பியது என்னை மட்டும்தான்.