பத்து மணிக் கையெழுத்து

மீன் ஏலத்தில் நடக்கும் தில்லுமுல்லை எழுதியதற்காக, புதுச்சேரி மாலைப் பத்திரிகை நிருபர் ஜெயசித்ரா மேல் கிரிமினல் வழக்கு. முப்பது நாள், தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் அவள் ஸ்கூட்டியை எடுக்கும்போது கணவன் புருஷோத்தமன் போனோடு ஓடி வந்தான்.

“ஸ்டேஷனுக்குப் போவாத சித்ரா! இனிமே கையெழுத்து வேணாம்னு கோர்ட்டு சொல்லிடுச்சாம். வக்கீல் போன் பண்ணாரு.”

அவள் முகம் வாடியது. “அவரை யாரு மனு போடச் சொன்னது? நீங்களா?”

“நான் இல்ல. உன்மேல கேஸ் போட்ட இன்ஸ்பெக்டர்தான். ‘மனு போடுங்க சார், நாங்க ஆட்சேபிக்கவே மாட்டோம்’னு வக்கீல்கிட்ட கெஞ்சினாராம்.”

“அவரா? ஏனாம்?”

“தெரியாத மாதிரி கேளு! கையெழுத்துக்கு ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சாங்க. புகார் குடுக்க வந்தவங்க கதையெல்லாம் நீ கேட்டு எழுதிட்ட. பதினோரு நாளும் அந்த ஸ்டேஷன்தானே முதல் பக்கம்!”

ஜெயசித்ரா ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

“இப்ப எங்க போற?”

“ஸ்டேஷனுக்குத்தான். உங்க சைக்கிள் தொலைஞ்சு ஆறு மாசமாச்சு, இன்னும் புகாரே குடுக்கலையே!”